பி.எஸ்சி எம்.எல்.டி.யா, டி.எம்.எல்.டி.யா? லேப் படிப்புக்குக் காசு கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அக்கா மகள் போன் போட்டாள்.

"மாமா, லேப் படிப்பு படிக்கலாம்னு இருக்கேன். எந்தக் காலேஜ்ல பீஸ் கம்மி?"

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது: "கம்மின்னா எவ்வளவு கம்மின்னு கேளு."

பதினெட்டு வருஷமாக லேப்பில் நிற்கிறேன். இந்தக் கேள்வியை வருஷம் பத்துப் பேராவது கேட்கிறார்கள். பீஸ் கம்மியான இடம் எது என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அவளுக்கு மூன்று வாரமாகத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஓரளவு சேர்த்து எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி, அதாவது லேப் டிப்ளமோ படித்தவன். டிப்ளமோக்காரன் டிப்ளமோவுக்குப் பரிந்து பேசுகிறான் என்று தோன்றினால், அந்த இடத்தில் கொஞ்சம் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்வோம். மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி, மெடிக்கல் லேபரட்டரி சயின்ஸ் என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. தொழில் ஒன்றுதான். பழைய பாடத்திட்டத்தில் எம்.எல்.டி, புதியதில் எம்.எல்.எஸ். பெயரில் "சயின்ஸ்" இருப்பதற்காக ஒரு கல்லூரி கூடுதல் பணம் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பட்டப்படிப்பு என்றால் மூன்று வருஷம் பாடம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு. டிப்ளமோ இரண்டு வருஷம். இதற்கும் கீழே ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு ஒன்று உண்டு. அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், பிறகு வருகிறேன். துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி டிப்ளமோ என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருஷத்துக்குள். பட்டம் என்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருஷத்துக்குள். ஆறு மாதத்தில் டி.எம்.எல்.டி தருகிறோம் என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் பேனர் கட்டியிருப்பவர்களிடம் இந்த 2,000 மணி நேரத்தை எப்படி அடைக்கிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

யோசிக்காமல் சேர வேண்டிய இடங்கள்

இதில் ஒப்பிடவே ஒன்றும் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி எம்.எல்.டி இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழுதான் கவுன்சிலிங் நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்திருக்க வேண்டும். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் அரசு இடங்கள் குறைவு, கட்-ஆஃப் உயரம். எம்.பி.பி.எஸ் கிடைக்காத நல்ல மதிப்பெண்காரர்கள் எல்லாம் நர்சிங், பிசியோதெரபி, இது என்று அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

புதுச்சேரி ஜிப்மரும் இந்தப் பட்டியலில் வரும். மத்திய அரசு நிறுவனம், கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அங்கே பி.எஸ்சி சேர்க்கை சில ஆண்டுகளாக நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. "எனக்கு நீட் ஒத்துவராது" என்று பிளஸ் டூ-வில் எழுதாமலே விட்ட பிள்ளைகள் இந்தக் கதவைத் தெரியாமலே சாத்திக்கொள்கிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான். முன்பே என்னிடம் கேட்டிருந்தால், டாக்டருக்காக இல்லாவிட்டாலும் இதற்காக எழுது என்று சொல்லியிருப்பேன்.

வேலூர் சி.எம்.சி மூன்றாவது. தனியார்தான், ஆனால் மற்ற தனியார்க் கல்லூரிகளோடு வைத்துப் பார்த்தால் செலவு குறைவு. சேர்க்கைக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. அங்கே படித்தவர்கள் இருவரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு ரிசல்ட் சந்தேகமாக இருந்தால் இரண்டு பேருமே முதலில் மெஷினைத் திட்டமாட்டார்கள். சாம்பிள் எப்படி எடுத்தார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி தானாக வரவேண்டும். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ராத்திரிக் கதை இருக்கிறது.

ஊதா மூடி

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி. ராத்திரி பதினொன்றரை இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பயோகெமிஸ்ட்ரி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரப் பையன், கை வேகம். வார்டிலிருந்து வந்த சாம்பிள் ஒன்றில் பொட்டாசியம் எட்டுக்கு மேல் காட்டியது. ஆறரையைத் தாண்டினாலே உடனே டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். எட்டு என்றால் இதயம் நிற்கிற பயம். பையன் போனைக் கையில் எடுத்துவிட்டான். நான் எட்டி ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் நார்மல். கால்சியம் மட்டும் பாதாளத்தில் கிடந்தது.

"தம்பி, இந்த ரத்தம் எந்த டியூப்லேர்ந்து வந்துச்சு?"

சிவப்பு மூடி டியூப்தான் என்றான். சாம்பிளை எடுத்ததும் அவன்தான். நோயாளிக்கு நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. முதலில் ஊதா மூடி டியூபில் நிறைய விழுந்துவிட்டது, சிவப்பில் போதவில்லை, அதனால் ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் சாய்த்துவிட்டிருக்கிறான். ஊதா மூடியில் இருப்பது இ.டி.டி.ஏ. அது ரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிற உப்பு. அதுவும் பொட்டாசியம் சேர்ந்த உப்பு. ஆகவே பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். மறுபடி ரத்தம் எடுத்துப் போட்டோம். நாலு புள்ளி ஒன்று. நோயாளி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் எழுப்பிவிட்டோம்.

அந்தப் பையன் படித்தது ஒரு வாடகை மாடியில் நடந்த ஓராண்டு "டி.எம்.எல்.டி". அதற்கு எண்பதாயிரம் கட்டியிருந்தான். எந்த மூடியில் எந்த டெஸ்ட் என்று அவனுக்கு மனப்பாடம். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அரசு டிப்ளமோவில் நான் கட்டியது அவன் கட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எனக்கு அதைச் சொல்லித்தந்தார் எங்கள் டியூட்டர் அம்மா, நான் அதே தப்பைச் செய்தபோது, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அதனால்தான் மலிவு என்று நான் சொல்லும்போது பீஸ் ரசீதை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் உங்கள் கை வழியாகப் போகிறது, தப்புப் பண்ணினால் பக்கத்தில் நின்று திட்ட ஆள் இருக்கிறதா, கடைசியில் கையெழுத்துப் போட்டுத் தருகிற பல்கலைக்கழகம் எது: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விலை.

இடம் கிடைக்காதவர்களின் கணக்கு

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தேர்வு இதுதான்: அரசு டி.எம்.எல்.டி ஒரு பக்கம், தனியார் கல்லூரி பி.எஸ்சி மறுபக்கம். அத்தான் கையில் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தேன். நாங்கள் போட்ட தொகைகள் எங்கள் அனுமானம். உங்கள் ஊர், உங்கள் கல்லூரிக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் பி.எஸ்சி. ஆண்டுக்கு அறுபதாயிரம் என்று வைத்தால் நான்கு வருஷத்துக்கு 2,40,000. (இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் பீஸ் வாங்குகிற கல்லூரிகள் உண்டு. முதலிலேயே கேளுங்கள்.) ஹாஸ்டலும் மெஸ்ஸும் மாதம் ஐயாயிரம், வருஷத்துக்குப் பத்து மாதம் என்றால் நான்கு வருஷத்தில் இரண்டு லட்சம். யூனிபார்ம், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்துபோவது எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். ஆக 4,80,000.

அரசு டி.எம்.எல்.டி. பக்கத்து மாவட்டத் தலைநகரில் கிடைத்து வீட்டிலிருந்தே போய்வந்தால் இரண்டு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் என்று தாராளமாகவே போடுவோம்.

இத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது. டிப்ளமோ முடித்தவள் மூன்றாம் வருஷத்திலேயே வேலைக்குப் போகிறாள். மாதம் பன்னிரண்டாயிரம் என்றால், தோழி பட்டம் வாங்குவதற்குள் 24 மாதத்தில் 2,88,000 சம்பாதித்திருப்பாள். ஆகவே இருவருக்கும் இடையில் உள்ள தூரம் 4,60,000 மட்டும் இல்லை, 7,48,000.

பட்டம் வாங்கியவளுக்கு மாதம் மூவாயிரம் கூடுதல் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 36,000. அந்தத் தூரத்தைக் கடக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தான் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அப்ப எதுக்குடா இவ்வளவு பேரு அதுல சேர்றாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. தனியார் லேப்களில் நான் பார்த்தவரை, இரண்டு வருஷ அனுபவம் உள்ள டிப்ளமோவுக்கும் புதிதாக வந்த பட்டதாரிக்கும் பெரிய சம்பள வித்தியாசம் தருவதில்லை. முதலாளிக்கு வேண்டியது காலை ஆறு மணிக்கு ஃபாஸ்டிங் சாம்பிள் எடுக்க ஆள். அந்தக் கைக்குப் பட்டம் இருக்கிறதா என்று அவர் கவலைப்படுவதில்லை. ஆனால் நான்கு இடங்களில் பட்டம் இல்லாமல் கதவு திறக்காது.

ஒன்று, வெளிநாடு. வளைகுடா போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சவூதியில் தகுதியை வகைப்படுத்தும்போது டிப்ளமோவுக்கு டெக்னீஷியன் தரம், நான்கு வருஷப் பட்டத்துக்கு அதற்கு மேல் ஸ்பெஷலிஸ்ட் தரம். சம்பளம் அதன் பின்னாலேயே போகும். அங்கே டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு; உங்கள் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி நிஜமா என்று கேட்பார்கள். கேள்விப்படாத "கவுன்சில்" பெயரில் வாங்கிய காகிதம் அந்த இடத்தில் செத்துவிடும். இரண்டாவது, எம்.எஸ்சி. மூன்றாவது, கல்லூரியில் டியூட்டர் வேலை. நான்காவது, பெரிய லேப்களில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பு. லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தருகிற என்.ஏ.பி.எல் அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய இடங்களில் ஐ.எஸ்.ஓ 15189 விதிமுறைப்படி ஒவ்வொருவருடைய தகுதியையும் கோப்பில் வைக்கிறார்கள்; அங்கே மேலே ஏற ஏறப் பட்டத்தைக் கேட்பார்கள்.

ஆகவே வெளிநாடு போவது உறுதி, அல்லது மேலே படிக்கப் போவது உறுதி என்றால் தனியார் பி.எஸ்சி.க்குக் காசு கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. "எதற்கும் டிகிரி இருக்கட்டும்" என்பதற்காக ஏழு லட்சம் அதிகம். அரசு பி.எஸ்சி என்றால் இதே கணக்கு வேறு மாதிரி வரும்: செலவு நாற்பதாயிரம், விட்டுப்போன சம்பளம் 2,88,000. அரசு டிப்ளமோவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 3,08,000. அதே மூவாயிரம் கூடுதல் சம்பளத்தில் எட்டரை வருஷத்தில் சரியாகிவிடும். அதனால்தான் முதல் பகுதியில் யோசிக்காமல் சேரச் சொன்னேன்.

தனியார் பி.எஸ்சி.யிலும் இரண்டு வகை இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் ஒன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மற்றொன்று. சென்னையைச் சுற்றி நிறைய இருக்கின்றன, ஆஸ்பத்திரியும் கருவிகளும் நன்றாக இருக்கும், கட்டணமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். இணைப்புக் கல்லூரிகளில் கவுன்சிலிங் வழியாக வருகிற அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் குறைவாக முடியும். கல்லூரிக்காரர்கள் போன் பண்ணி "கவுன்சிலிங்குக்கு ஏன் காத்திருக்கீங்க, இப்பவே சீட் போட்ருங்க" என்பார்கள். காத்திருங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால்: நான்கு லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கிகள் வழக்கமாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. அதுவே ஒரு தூண்டிலாகவும் ஆகிவிடுகிறது. ஜாமீன் இல்லாமல் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் தவணை கட்ட முடியாமல் தவிக்கிற இரண்டு பேர் எங்கள் லேப்பிலேயே இருக்கிறார்கள்.

அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பட்டத்துக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் அதே தொகையில் இருக்கிறது. இரண்டு வருஷ டிப்ளமோவுக்கு 24,000 என்றால் அரசுக் கல்லூரியில் படிப்புச் செலவே அதில் போய்விடும். பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டு வாங்கிவைத்துவிடுவது நல்லது. ஜூன் மாதம் அங்கே நிற்கிற வரிசை எங்கள் கலெக்‌ஷன் கவுண்டர் வரிசையைவிட நீளம்.

அரசு வேலை என்று வந்தால்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பட்டம் பெரியது, டிப்ளமோ சின்னது, ஆகவே பட்டம் இருந்தால் எல்லா வேலைக்கும் போடலாம் என்று நினைக்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி, 2020-ல் கொரோனா நேரத்தில் கிரேடு 3 லேப் டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுத்தபோது கேட்ட தகுதி பிளஸ் டூ-வும் மருத்துவக் கல்வி இயக்ககம் அங்கீகரித்த நிறுவனத்தில் முடித்த ஓராண்டு எம்.எல்.டி சான்றிதழ் படிப்பும். நான் கேவலமாக நினைக்க வேண்டாம் என்று சொன்ன அதே சான்றிதழ். எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்பதை அறிவிப்பில் எழுத்து எழுத்தாக எழுதியிருப்பார்கள். "அதற்கு மேல் படித்திருக்கிறேனே" என்ற வாதம் எப்போதும் எடுபடும் என்று நம்பி உட்காரக் கூடாது. அரசு வேலைதான் குறி என்றால் எம்.ஆர்.பி.யின் பழைய அறிவிப்புகள் இரண்டு மூன்றை எடுத்துத் தகுதிப் பத்தியைப் படித்துவிட்டுப் பிறகு கல்லூரி தேடுங்கள்.

சொந்த லேப் வைக்கிற கனவுக்கும் ஒரு வார்த்தை. லேப்புக்கு முதலாளியாக இருப்பது வேறு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது வேறு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு விதிகளில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன, ஆனால் டி.எம்.எல்.டி.யோ பி.எஸ்சி.யோ முடித்தவர் தனியாக ரிப்போர்ட் கொடுக்கும் உரிமை அவற்றால் வந்துவிடவில்லை. "எங்க கோர்ஸ் முடிச்சா நீங்களே லேப் ஓபன் பண்ணலாம்" என்று சேர்க்கை ஏஜென்ட் சொன்னால், டாக்டர் சம்பளத்தையும் நீங்களே தருவீர்களா என்று கேட்கலாம்.

மைக்ரோபயாலஜி படித்துவிட்டு லேப்புக்கு வரலாமா?

கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படிப்புகள் மலிவு. அரசுக் கலைக் கல்லூரி என்றால் ரொம்பவே மலிவு. மூன்று வருஷம், பிறகு ஒரு வருஷம் முதுநிலை டிப்ளமோவாக எம்.எல்.டி. கணக்குப் பார்த்தால் நான்கு வருஷம்தான், செலவு பாதிக்கும் குறைவு. தெரிந்த பலர் இந்த வழியில் வந்து நன்றாக வேலை செய்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் கிருமியின் பெயரைச் சொல்வதில் எங்களைவிடக் கில்லாடிகள்.

ஆனால் மூன்று வருஷத்தில் அவர்கள் பார்த்தது மண்ணில் இருக்கிற பாக்டீரியா, பாலில் இருக்கிற பாக்டீரியா, தொழிற்சாலைக் கிருமிகள். நோயாளியின் நரம்பைத் தொட்டதே இல்லை. 2021 சட்டத்தின் அட்டவணையிலும் மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜிஸ்ட் ஓர் இடத்திலும், மருத்துவம் சாராத மைக்ரோபயாலஜிஸ்ட் வேறோர் இடத்திலும் நிற்கிறார்கள். பதிவு என்று வரும்போது இந்தப் பிரிவினை முக்கியமாகும். எம்.எஸ்சி, பிஎச்.டி என்று ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை இருந்தால் இது நல்ல பாதை. ஆஸ்பத்திரி லேப்தான் வேண்டும் என்றால் இது சுற்றுவழி.

கொஞ்சம் கவனிக்க வேண்டியவை கிளினிக்கல் லேப் டெக்னாலஜி, பி.வொக் (தொழிற்கல்விப் பட்டம்) போன்ற பெயர்களில் கலை அறிவியல் பல்கலைக்கழகங்கள் தருகிற பட்டங்கள். சில கல்லூரிகளில் உண்மையிலேயே நல்ல ஆஸ்பத்திரியோடு இணைந்து நடத்துகிறார்கள். சிலவற்றில் ஆஸ்பத்திரி என்பது ப்ராஸ்பெக்டஸில் உள்ள போட்டோ.

தொலைதூரக் கல்வியில் எம்.எல்.டி என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். துணை மருத்துவப் படிப்புகளைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி 2025 கல்வியாண்டிலிருந்தே நிறுத்திவிட்டது. தபாலில் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொள்ள முடியாது என்பது அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

போய்ப் பார்த்த கதை

இரண்டு இடங்களுக்கு மூவருமாகப் போனோம். முதலாவது ஒரு தனியார் கல்லூரி. வரவேற்பறையில் ஏ.சி, கையில் காபி. லேப்பைக் காட்டச் சொன்னேன். பளபளவென்று இருந்தது, அதுதான் இடித்தது. சென்ட்ரிஃப்யூஜ் மூடியில் கம்பெனி ஒட்டி அனுப்பிய டேப் இன்னும் பிரிக்கப்படவில்லை. அனலைசருக்குப் பிளாஸ்டிக் உறை. வரிசையாகப் பன்னிரண்டு மைக்ராஸ்கோப். ஒன்றின் நூறு எக்ஸ் லென்ஸைத் திருப்பி விரலால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அந்த லென்ஸில் எதைப் பார்ப்பதாக இருந்தாலும் ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு துடைத்தாலும் புழங்குகிற லென்ஸில் கொஞ்சம் பிசுக்கு நிற்கும். பிரிட்ஜைத் திறந்தேன். ரீயேஜென்ட் பாட்டில் இரண்டு இருந்தது, தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஹாஸ்பிடல் போஸ்டிங்ல இருக்காங்க சார்" என்றார் கூட வந்தவர். எந்த ஹாஸ்பிடல் என்று கேட்டதற்கு மூன்று பெயர் சொன்னார், மூன்றும் இருபது படுக்கை நர்சிங் ஹோம்.

இரண்டாவது, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காலை எட்டு மணிக்கே போய்விட்டோம், ரத்தம் எடுக்கிற கவுண்டர் முன்னால் வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது. உள்ளே டிப்ளமோ பிள்ளைகள். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது, மின்விசிறி ஒன்று ஓடவில்லை. ஒரு பெண் ஸ்லைடில் ஸ்மியர் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு ஸ்லைடின் ஓரத்தை அதில் தொட்டு, நின்று, பரவ விட்டு, முப்பது டிகிரி சாய்வில் ஒரே இழுப்பு. நாக்கு மாதிரி வர வேண்டும்; கனமாகத் தொடங்கி, நுனியில் இறகாக மெலிய வேண்டும். அவளுடையது நடுவில் அறுந்துபோனது. பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் அக்கா பார்க்கக்கூட இல்லை, "மறுபடி" என்றார். அவள் முன்னால் அறுந்த ஸ்லைடுகள் ஒரு டிரே நிறையக் கிடந்தன. எத்தனாவது என்று அக்கா மகள் கேட்டாள். இன்னைக்கு நாற்பது ஆயிருக்கும் என்றாள் அந்தப் பெண்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இப்படிக் காலையில் போங்கள். சேர்க்கை அலுவலகம் திறக்கிற பதினோரு மணிக்குப் போனால் காபிதான் கிடைக்கும். சொந்த ஆஸ்பத்திரியா, ரத்த வங்கி இருக்கிறதா, திசு வெட்டிப் பார்க்கிற மைக்ரோட்டோம் ஓடுகிறதா, கல்ச்சர் போடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருத்தரைத் தனியாகப் பிடித்து, நேற்று எத்தனை பேருக்கு ஊசி குத்தினாய் என்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் இருங்கள், முழித்தால் கிளம்புங்கள்.

அக்கா மகள் அரசு பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பட்டத்துக்கும் டிப்ளமோவுக்கும் தனித்தனி அறிவிப்பு, தனித்தனி விண்ணப்பம் என்பதால் இரண்டாவதற்கான தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் மதிப்பெண்ணுக்கு டிப்ளமோ வரும் என்பது என் கணக்கு. அவளுக்கு டிகிரி மேல்தான் கண்.

அந்த முதல் கல்லூரியில், நான் வண்டியை எடுக்கப் போன ஐந்து நிமிஷத்தில், அத்தான் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டார். "சீட்டை ஒரு துண்டு போட்டு வச்சேன்டா" என்றார். நல்லவேளையாக ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டதற்கு அக்கா மகள் கொடுக்கவில்லை. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி 2018-லேயே சொல்லியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் கொடுக்கவில்லை. ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்டு அத்தான் இதுவரை நான்கு முறை போன் பண்ணிவிட்டார். அக்கவுன்ட்ஸ் சார் லீவாம்.